காசநோய்க்கு மூச்சுவழி மருந்துத்தூள்

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இக்கிருமி காற்றின் வழியே நுரையீரலை அடைகிறது. அங்குள்ள நுண்ணிய காற்றறைகளில் காவல் புரியும் விழுங்கணுக்கள் அதனை விழுங்குகின்றன. பிற கிருமிகளுள் பல இவ்வாறு விழுங்கப்பட்டதும் மடிந்துவிடும். காசநோய்க் கிருமியோ, விழுங்கிய அணுவின் உள்ளேயே தங்கிப் பெருகும் ஆற்றலுடையது.

மாத்திரையாக உட்கொள்ளும் மருந்து குடலில் கரைந்து, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுகிறது. கிருமி உறையும் இடத்தை அடைவது அதில் ஒரு பகுதியே. கிருமி வந்த வழியே மருந்தையும் செலுத்தலாகாதா என்ற வினாவிலிருந்து பிறந்ததே மூச்சுவழி மருந்துத்தூள்.

இத்தூளின் பயன் அதன் துகள்களின் பருமனைப் பொறுத்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து மைக்ரானுக்கு மிகுந்த துகள்களிற் பெரும்பாலானவை வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். மிக நுண்ணியவையோ வெளிமூச்சுடன் திரும்பிவிடும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரை உள்ளவையே காற்றறைகளை எட்டும்.

1951-இல் லக்னோ நகரில் நிறுவப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றனர். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய மருந்துகளை உடலில் மெல்லக் கரையும் பாலிலாக்டிக் அமிலத்துடன் சேர்த்து அவர்கள் ஆக்கிய நுண்துகள்கள் பற்றிய ஆய்வு 2001-இல் வெளிவந்தது. விழுங்கணுக்கள் கிருமியை விழுங்குவது போலவே இத்துகள்களையும் விழுங்குகின்றன. ஆகவே கிருமியின் இருப்பிடத்திற்குள்ளேயே மருந்து நுழைகிறது. பின்னர் ரிஃபாபூட்டின் சேர்ந்த துகள்கள் குரங்குகளிலும் சோதிக்கப்பட்டன. வெளிநாட்டில், ஊசியாக இடப்பட்டுவந்த காப்ரியோமைசின் என்னும் மருந்தைத் தூளாக்கி, நோயற்ற மனிதர்க்கு அளித்த முதற்கட்டச் சோதனையின் முடிவு 2013-இல் வெளியாயிற்று.

தடைகளும் உள. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து மைக்ரோகிராம் கணக்கினது. காசநோய்க்கோ மில்லிகிராம் கணக்கில் தூள் தேவை. அவ்வளவையும் உறிஞ்சும்போது இருமல் எழக்கூடும். ஈரம்பட்டால் தூள் கட்டிபட்டு, துகள்கள் பருத்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு போன்ற மழைமிகுந்த மலைத்தோட்டங்களில், ஈரம் புகாத உறையின்றி இதனைக் காத்தல் அரிது. மேலும், நிணநீர்க் கழலை, எலும்பு முதலிய உறுப்புகளைப் பற்றிய காசநோய்க்கு நுரையீரலில் மட்டும் படியும் மருந்து போதாது.

எனவே மாத்திரைகளே இன்றும் முறையான சிகிச்சை. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைவதை 1959-இல் உலகிற்குக் காட்டியது. இடையறாது மருந்துண்பதே அதற்கு இன்றியமையாதது. புதிய தூள் வருமென்று கேள்வியுற்று, கையிலுள்ள மாத்திரையை எவரேனும் நிறுத்துவாராயின், அவர் உடலிலுள்ள கிருமி மருந்துக்கு அடங்காத வன்மை பெறக்கூடும். களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும்.