மரணப் பதிவும் ஜன உரிமையும்

சிக்காகோ நகரத்தின் பெயர் நமது தேசத்தாருக்குப் புதியதன்று. 1893-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அங்கு கூடிய சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் பேசியது முதல் அப்பெயர் நம்மவர் நாவில் வழங்கி வருகிறது. அவரை அனுப்பி வைப்பதற்கு வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டியவர்கள் சென்னை வாலிபர்கள். இப்பொழுதோ தமிழ்க் குடும்பங்கள் பல அந்நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழ்கின்றன. குடியேறிய இடத்தில் பிறப்பும் உண்டு, இறப்பும் உண்டு. ஆகையால் அங்கு இறந்தவர் ஒருவரின் மரணப் பதிவை எந்தக் கச்சேரியில், எவ்விதம் கேட்டுப் பெறுவது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும். அப்பதிவு ஒரு குடும்பத்தின் சொத்து விவகாரத்தோடு நின்றுவிடாமல் ஜனங்களின் பொது உரிமையையும் தொட்டு நிற்பது என்பதையும் காட்ட விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மரணங்களைப் பதிவு செய்யும் அதிகாரம் வாஷிங்டனிலுள்ள மத்திய சர்க்காரிடம் இல்லை. அது அந்தந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது. ராஜ்யத்துக்குள் கௌண்டி என்ற பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை நமது ஜில்லாக்களுக்கு ஒப்பிடலாம். சிக்காகோ நகரம் இல்லினாய்ஸ் ராஜ்யத்தில், குக் கௌண்டியில் இருக்கிறது. அங்கே ஜனன, மரண, விவாகப் பதிவுகளைக் காப்பவர் கௌண்டி கிளார்க் என்பவர். கிளார்க் என்றதும் நம்மூர்க் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஜனங்களின் வோட்டினால் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி.

இந்தப் பதிவு முறை ஒரே நாளில் ஏற்பட்டதன்று. 1900-ஆம் வருஷத்தில் பத்து ராஜ்யங்களும் தலைநகரப் பகுதியுமே மத்திய சர்க்காரின் மரணக் கணக்கில் சேர்ந்திருந்தன. 1933-ல் டெக்ஸாஸ் ராஜ்யம் சேர்ந்த பிறகே நாடு முழுவதும் அக்கணக்கில் அடங்கியது. குக் கௌண்டியிலோ 1871-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்துப் பெருந்தீ நகரத்தை அழித்தபொழுது கௌண்டிக் கச்சேரியின் பழைய ஏடுகளும் சாம்பலாயின. ஆகவே கௌண்டி கிளார்க்கிடமுள்ள மரணப் பதிவுகள் அவ்வருஷம் முதற்கொண்டே கிடைக்கின்றன. ராஜ்யம் முழுவதற்குமான பதிவு 1916-ல் தொடங்கிற்று. அது ஸ்பிரிங்பீல்டு நகரத்திலுள்ள பொதுச் சுகாதார இலாகாவின் வசம் இருக்கிறது.

இனி மனுச் செய்யும் முறையைக் கூறுவோம். முதலாவது, இறந்தவர் எங்கே வசித்தார் என்பதைவிட எங்கே இறந்தார் என்பதே முக்கியம். சிக்காகோவில் வீடு வைத்திருந்தவர் அண்டையிலுள்ள டூபேஜ் கௌண்டியின் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் குக் கௌண்டியில் எவ்வளவு தேடியும் பயனில்லை. இந்த ஒரு விஷயத்தை அறியாமல் வாரக்கணக்கில் வீண் கடிதம் எழுதுவோர் உண்டு.

இரண்டாவது, இறந்தவரின் முழுப் பெயர், இறந்த தேதி, இறந்த இடம் ஆகியவற்றை மனுவில் தெளிவாகக் குறிக்க வேண்டும். நம்மவர் பெயர்களில் இங்கே ஒரு தொல்லை உண்டு. தகப்பனார் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்வது நமது வழக்கம். அவர்கள் ஏட்டிலோ குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும். ஆகையால் ஒருவருடைய பெயரும் தகப்பனார் பெயரும் முன்பின்னாக மாறிப் பதிவாவது சகஜம். பாஸ்போர்ட்டில் கண்ட பெயர், வழக்கத்தில் இருந்த பெயர் இரண்டையும் மனுவில் எழுதுவது நலம்.

மூன்றாவது, மனுச் செய்பவர் தாம் இன்னார் என்பதற்குப் புகைப்படமுள்ள அத்தாட்சி காட்ட வேண்டும். இறந்தவருக்கும் தமக்கும் உள்ள உறவையும், நகல் எதற்காக வேண்டும் என்பதையும் தெரிவிக்க வேண்டும். இறந்தவரின் நெருங்கிய பந்துக்களுக்கும், அவருடைய சொத்திலோ இன்ஷியூரன்ஸிலோ பாத்தியதை உள்ளவர்களுக்குமே முத்திரையிட்ட நகல் வழங்கப்படும். நேரில் சென்றும் தபால் மூலமும் இணையத்தின் வழியாகவும் மனுச் செய்யலாம். பாங்கி, இன்ஷியூரன்ஸ் கம்பெனி, வீட்டுப் பத்திரம், பென்ஷன் என்று ஒவ்வோரிடத்திலும் மூல முத்திரையுள்ள நகலைக் கேட்பார்களாதலால், முதல் மனுவிலேயே பல நகல்களைக் கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம்.

நான்காவது, அந்த நகல் தமிழ்நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் இல்லினாய்ஸ் ராஜ்யக் காரியதரிசியின் கச்சேரியில் அப்போஸ்டில் என்ற அத்தாட்சிச் சீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். இது சம்பந்தமான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கும் நாளில் அச்சீட்டின் அருமை விளங்கும்.

நகல் கைக்கு வந்ததும் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். அதில் இரண்டு பாகங்கள் உண்டு. பெயர், வயது, பெற்றோர், தொழில் முதலிய விவரங்கள் குடும்பத்தார் சொல்லக் கேட்டு ஈமச் சடங்கு நடத்தும் ஸ்தாபனத்தார் எழுதியவை. மரணத்தின் காரணமோ வைத்தியர் எழுதியது. திடீர் மரணம், விபத்து, கொலை, தற்கொலை போன்றவற்றில் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற கௌண்டி வைத்திய அதிகாரி விசாரித்துக் காரணத்தைத் தீர்மானிப்பார். 1976 முதல் குக் கௌண்டியில் இந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்து வருகிறது. அவருடைய பிரேத பரிசோதனை அறிக்கை தனித் தஸ்தாவேஜு. அதை அவருடைய கச்சேரியிலேயே கேட்க வேண்டும். விசாரணை முடியுமுன் பெற்ற நகலில் காரணம் நிலுவையில் இருப்பதாகக் குறித்திருந்தால், முடிந்த பிறகு வேறு நகல் வாங்குவது அவசியம்.

இவ்வளவும் குடும்பத்தாருக்கு. ஆனால் ஒரு காகிதத்தில் வைத்தியர் எழுதும் அந்த ஒரு வரி ஒரு நகரத்தின் ஆட்சியையே கேள்விக்கு உள்ளாக்கியதும் இதே குக் கௌண்டியில்தான்.

1995-ஆம் வருஷம் ஜூலை மாதம் சிக்காகோவில் கடும் வெப்பம் எழுந்தது. 13-ஆம் தேதி வெப்பநிலை பாரன்ஹீட்டு அளவில் 106 பாகையை எட்டிற்று. மின்சாரம் பல இடங்களில் தடைப்பட்டது. மாண்டவர்களில் மிகுதியானோர் முதியவர்கள். பலர் தனி அறைகளில் துணையின்றி வாழ்ந்த ஏழைகள். பிரேதங்களை வைக்க இடம் போதாமல் மெடிக்கல் எக்ஸாமினர் கச்சேரியின் வெளியே குளிர்சாதன லாரிகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அப்பதவியிலிருந்த எட்மண்ட் டொனஹியூ இம்மரணங்களை வெப்பத்தால் நேர்ந்தவை என்று பதிவு செய்துவந்தார். இறந்தவரின் உடல் வெப்பம் 105 பாகைக்குக் குறையாதிருத்தல், கிடந்த அறையின் கடும் வெப்பம் போன்ற அடையாளங்களைக் கொண்டே அவர் தீர்மானித்தார். நகர மேயர் ரிச்சர்ட் டேலி அக்கணக்கைச் சந்தேகித்துப் பகிரங்கமாகப் பேசினார். கோடையில் இறந்தவரெல்லாம் கோடையினால் இறந்தவராவரோ என்பது மேயர் தரப்பின் வாதம்.

டொனஹியூ தம் கணக்கைக் கைவிடவில்லை. அம்மாதம் 11-ஆம் தேதி முதல் 27-ஆம் தேதி வரையில் வெப்பத்தால் நேர்ந்தவை என்று சான்றளிக்கப்பட்ட மரணங்கள் 465. பின்னர், வழக்கமாக அந்நாட்களில் நிகழும் மரணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபொழுது ஒரே வாரத்தில் 739 பேர் அதிகமாக மாண்டிருந்தது தெரியவந்தது. மிகை என்று குறை கூறப்பட்ட கணக்கு உண்மைக்குக் குறைவானதாகவே முடிந்தது! அந்தக் காகிதங்கள் ஒழுங்காக எழுதப்பட்டிராவிடில், அதிகாரத்திலிருந்தோர் கூறியதே சரித்திரமாக நின்றிருக்கும்.

மாண்டவர்களில் 41 பேருடைய உடல்களைக் கேட்டு வாங்க ஒருவரும் வரவில்லை. அவர்களைக் கௌண்டியாரே அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹோம்வுட் என்னுமிடத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்தனர். உடலைக் கேட்க ஆளில்லாதவருக்கு மரணப் பதிவைக் கேட்க மட்டும் ஆள் எங்கிருந்து வரும்? உறவினருக்கே நகல் என்ற விதி இவர்கள் விஷயத்தில் ஒருவருக்கும் நகல் இல்லை என்பதாகவே முடிகிறதன்றோ?

அவ்விதியை நாம் முற்றிலும் கண்டிக்கவில்லை. இறந்தவர் பெயரில் கடன் வாங்கியும் பணம் கறந்தும் பிழைக்கும் வஞ்சகர் இருக்கும் உலகில் காவல் வேண்டியதே. ஒரு குடும்பத்தின் துயரத்தைக் கண்டவரெல்லாம் புரட்டிப் பார்ப்பதும் தகாது. ஆயினும் காவல் வேறு, மறைப்பு வேறு. இல்லினாய்ஸ் சட்டப்படி மரணம் நேர்ந்து 20 வருஷம் கடந்த பதிவுகளை வம்ச ஆராய்ச்சிக்காக எவரும் கேட்கலாம். அக்கணக்கின்படி 1995-ல் மாண்டவர்களின் பதிவுகள் 2015 முதல் கேட்பவர்க்குத் திறந்தன. 20 வருஷமோ நீண்ட காலம். அதற்குள் பொறுப்பாளிகள் பதவியை விட்டு இறங்கிவிடுவார்கள். அவர்களைக் கேள்வி கேட்ட ஜனங்களும் மறந்துவிடுவார்கள். இக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே போலும், 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் நேர்ந்த மரணங்களில் மெடிக்கல் எக்ஸாமினர் விசாரணைக்கு வந்தவற்றின் பட்டியலைக் குக் கௌண்டியார் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றனர். இறந்த தேதி, இடம், காரணம் முதலியவை அதில் உண்டு. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஒவ்வொரு கௌண்டியும் இதைப் பின்பற்றுவதே முறை.

நேயர்களுக்கு நாம் கூறுவது இதுவே. தம்மவர் அங்கே இறந்திருந்தால், துக்கத்தை எண்ணிக் காலம் கடத்தாமல் உரிய கௌண்டியில் மனுச் செய்து நகலைப் பெறுக. பெயரோ வயதோ பிழையாக இருந்தால் உடனே திருத்தக் கோருக. பொதுப்பணியில் ஈடுபட்டவர்களோ, ஒரு நோயோ வெப்பமோ பஞ்சமோ வந்த காலத்தில் மேடையில் முழங்குவதற்கு முன் மரணப் பதிவைக் கேட்டு வாங்கிப் படிக்கப் பழகுக. இறந்தவன் தன் கணக்கைத் தானே கேட்கமாட்டான். உறவினன் கேட்காவிட்டால் ஊரார் கேட்க வேண்டும்.