திருத்தணிப் படிகளில் ஒரு வாழைப்பழம்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கொரு படி என்று ஊரில் கணக்குச் சொல்வார்கள். அந்தப் படிகளில் அர்ச்சனைப் பையோடு ஏறுகிறவர்களை, ஓரச்சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் ஒவ்வொருவராக அளந்து பார்க்கும். பாலித்தீன் பை சரசரத்தால் போதும். வயிற்றில் குட்டி தொங்கத் தொங்க ஒரு பெண்குரங்கு பாய்ந்து வந்து, பையைக் கிழித்துப் பழத்தை எடுக்கும். உரித்துத் தின்ன அதற்கு நேரமில்லை. பெரிய கடுவன் வருவதற்குள் இரண்டு கன்னமும் புடைக்கத் திணித்துக்கொண்டு ஓடியாக வேண்டும். சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கும். கைப்பேசிகள் உயரும். படம் எடுக்க வசதியாக யாராவது இன்னொரு பழத்தை நீட்டுவார்கள்.

காட்டுயிரைக் காக்க ஆசைப்படும் இளைஞர்கள் பலரும் முதுமலைப் புலியையும் ஆனைமலை யானையையும் நினைத்து ஏங்குகிறார்கள். அந்த ஆசை நல்லதுதான். ஆனால் திருத்தணிப் பிள்ளைகளுக்கு வேலை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நீட்டத் தயாராக இருக்கும் அந்த இரண்டாவது பழத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. சின்னக் காரியமாகத் தெரியும். என் கணக்கில், இந்த ஊரில் இதைவிடப் பெரிய காட்டுயிர்ப் பாதுகாப்பு வேறில்லை.

திருத்தணிப் படிகளில் நாம் பார்க்கும் நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. உச்சந்தலை மயிர் சுழித்து, தொப்பி கவிழ்த்ததுபோல் படிந்திருப்பதை வைத்து எளிதில் அடையாளம் காணலாம். கோயிலுக்குக் கோயில் பார்ப்பதால் இதற்கு என்ன குறை என்று நினைக்கிறோம். ஆனால் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் இது இருக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது இது அண்டி வாழ்ந்த ஆலும் அரசும் சாய்க்கப்படுகின்றன. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு கோதாவரியைத் தாண்டித் தெற்கே பரவி இதன் இடத்தைப் பிடித்து வருகிறது.

வாழைப்பழத்தைத் திணித்துக்கொண்ட கன்னப்பையைக் கொஞ்சம் கவனியுங்கள். காட்டில் அத்தி, இச்சி, நாவல், இலந்தை என்று கிடைக்கும் பழங்களை அவசரமாகச் சேர்த்து வைக்கத்தான் அந்தப் பை. பத்திரமான கிளைக்குப் போய், சாவகாசமாக மென்று, கொட்டைகளைத் துப்பும். விழுங்கிய விதைகள் எச்சத்தில் விழும். தாய்மரத்துக்குத் தள்ளிப் புதுக் கன்று முளைப்பது இப்படித்தான். படிக்கட்டிலேயே வயிறு நிறைந்துவிடும் குரங்கு மலைச்சரிவுக்குள் எதற்குப் போகப்போகிறது?

பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகளைக் கவனித்த பெங்களூரு ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே சில குரங்குகள் மனிதரைப் பார்த்துக் கையை நீட்டி, தனிக் குரல் கொடுத்து உணவு கேட்கின்றன. கிடைக்கும்வரை அவர் முகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. குரங்கின் அறிவு வியப்பூட்டுகிறது. ஆனால் தானே இரை தேடி வாழ்ந்த ஒரு காட்டு விலங்குக்குக் கையேந்தக் கற்றுக்கொடுத்தது யார் என்ற கேள்வி மனதை அறுக்கிறது.

பிறகு நடப்பது ஊருக்கே தெரியும். கொடுத்துப் பழக்கியவர் போய்விடுவார். கொடுக்காமல் வருகிறவரைக் குரங்கு மறிக்கும்; குழந்தையைப் பிறாண்டும். புகார் போகும், கூண்டு வரும். பிடிபட்டவை பழக்கமில்லாத ஏதோ ஒரு காட்டில் விடப்படும். மலைப்பாதையில் வண்டிச் சன்னலிலிருந்து வீசும் சிப்ஸுக்காக ஓடி, அடுத்த வண்டியில் அடிபடுவதும் உண்டு. குரங்கு எதிரே வந்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குள் முறைக்காதீர்கள். சண்டைக்கு அழைப்பதாக அது எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

“அனுமாருக்குக் கொடுக்கிறோம், அதைத் தடுப்பதா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் மனசில் இருப்பது அன்பு; எதிர்த்துப் பேச அதில் ஒன்றுமில்லை. அந்த அன்புக்கு வேறு வழி காட்டலாம். கோயில் நிர்வாகத்தையும் வனத்துறையையும் கேட்டுக்கொண்டு அடிவாரத்தில் ஓர் அத்தியோ நாவலோ நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் தலைமுறைக்கும் அன்னதானம் நடக்கும்.

கொடுக்காமல், செய்யாமல் இருந்து காப்பாற்றுவது நமக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று நெடுங்காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே விட்டுக்கொடுப்பவர்கள் சிறு பிள்ளைகள்! ஊரெல்லாம் வெடிச்சத்தம் கேட்கும் அன்றைக்கு, பத்து வயதுப் பையன் சும்மா இருப்பது லேசான காரியமா?

மற்ற உயிர்களுக்கும் பெரும்பாலும் இதே நியாயம்தான். வயலில் பாம்பைப் பார்த்ததும் பிடித்து ரீல்ஸ் போடுவது இப்போது ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்த இருளர்களே 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசு அனுமதியோடுதான் விஷம் எடுக்கிறார்கள். நாம் தள்ளி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போன் செய்தால் போதும். புதர்க்காட்டில் நட்சத்திர ஆமை தென்பட்டால் அதிர்ஷ்டம் என்று வீட்டுக்குத் தூக்கி வரக்கூடாது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

துறுதுறுவென்று எதையாவது செய்தே ஆகவேண்டும் என்பவர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் இதை நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, கண்ட பறவைகளை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். திருத்தணிச் சரவணப் பொய்கைக் கரையில் நின்றே தொடங்கலாம். மாணவர்கள் தொடங்கும் வேலை நிலைக்காது என்பவர்களுக்குச் சென்னைக் கடற்கரை பதில் சொல்லும். 1988-இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இன்றும் இரவிரவாக நடக்கிறார்கள்.

திருத்தணி இளைஞர்களிடம் வேறெந்த ஊர்ப் பிள்ளைகளிடமும் எளிதில் கிடைக்காத ஒரு பலம் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தால் தமிழகத்துக்கு வந்தது. இன்றைக்கும் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியோடு வருகிறவர்களில் நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் ஏராளம். தமிழில் மட்டும் பலகை வைத்தால் பாதிப் பேருக்குப் புரியாது. இங்குள்ள பிள்ளைகளுக்கோ இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு. ஊர்க் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்பே அடிவாரத்துக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் மாநிலத்தில் தடை. ஆகவே பூஜைச் சாமான் மஞ்சப்பையில்தான் தரவேண்டும் என்று கேட்கலாம். ‘குரங்குக்குப் பழம்’ என்று தனியாக விற்காமலிருக்கச் சொல்லலாம். அதில் நாலு காசு பார்க்கும் பாட்டிமார் உண்டு; அவர்களுக்கு நஷ்டம் வராதபடி மஞ்சப்பை விற்கும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம். விழா நாளில் படிக்கு இருவராக நின்று, “ஐயா, பையை மூடிக்கொள்ளுங்கள்”, “அம்மா, கோத்துலக்கு பெட்டகண்டி” (குரங்குகளுக்குப் போடாதீர்கள்) என்று வருகிறவர்களிடம் அவரவர் மொழியில் சொன்னால், கேட்காமல் போகிறவர்கள் குறைவு.