ஐம்பது நிமிடம், ஓர் அறிவுரைகூட இல்லை

தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்றதும் பலருக்கு நினைவு வருவது பொறியியல் சீட்டுதான். அதை விட்டால், பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்த்திவைத்துப் புத்திமதி சொல்வது. உளவியல் சிகிச்சைக்கு முதன்முறை போகிறவர்களில் பலர் இந்தப் புத்திமதியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "நானேதான் பேசிக்கிட்டிருந்தேன், அவங்க ஒண்ணுமே சொல்லலையே" என்று ஏமாந்து திரும்புகிறார்கள்.

முதல் அமர்வு பெரும்பாலும் கேள்விகளிலேயே கழியும். தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார், பிரச்சினை எப்போது தொடங்கியது, சாகலாம் என்று தோன்றியதுண்டா. கடைசிக் கேள்விக்குத் திடுக்கிட வேண்டாம். அது வழக்கமாகக் கேட்பதுதான். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர் வேலை. எதிரே இருப்பவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம். பேசியதை ரகசியமாக வைப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வாசலில் காத்திருக்கும் அம்மாவின் ஆவல் அதில் சேராது.

சரி, அறிவுரை இல்லாமல் என்னதான் நடக்கிறது?

1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், ஃப்ராய்டு வழியில் நோயாளிகளைப் படுக்கவைத்துப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்த ஒரு பெண் பதற்றமடைவதைக் கண்டு, மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். 'இவருக்குச் சலிப்புத் தட்டுகிறதோ' என்பதே அந்தப் பெண்ணின் பயம். வாய் ஒரு கதை சொல்ல, அடியில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது! அந்த அடியோட்டத்தைப் பிடித்துச் சோதிப்பதே பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை. உதாரணத்துக்கு, தெருவில் நண்பர் பார்த்தும் சிரிக்கவில்லை. 'என்னை வெறுக்கிறார்' என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. அதை நோட்டில் குறித்து, ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்று நீங்களே விசாரிக்க வேண்டும். வீட்டுப்பாடம்தான்! செய்யாமல் போவோரும் நிறைய.

1977இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் மனச்சோர்வைக் குறைப்பதில் இந்தச் சிகிச்சை இமிப்ரமின் மாத்திரையை முந்தியது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. மருந்தும் பேச்சும் ஏறக்குறைய சமம் என்றன. எத்தனை அமர்வு? 1986இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எட்டு அமர்வுகளில் சுமார் பாதிப் பேருக்கும், 26இல் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு முறை போய்விட்டு நிறுத்துவது, மாத்திரையை இரண்டே நாளில் நிறுத்துவது போலத்தான். சில வாரங்களில், போனபோது இருந்ததைவிட மனம் கனத்துத் திரும்புவீர்கள், மூடிவைத்ததைக் கிளறினால் அப்படித்தான். கனம் குறையாமல் கூடிக்கொண்டே போனால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது.

நாலைந்து அமர்வுக்குப் பிறகும் சிகிச்சையாளரிடம் மனம் திறக்கவில்லையா? சொல்லாமல் நின்றுவிடுவது நம் வழக்கம். அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது என்று கேட்பார்.