சொல் இழந்தோர்க்குச் சித்திரத் துணை

1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் ஆஸ்பத்திரியில் பால் ப்ரோகா என்னும் வைத்தியர் பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு, எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பதைத் தவிர அநேகமாக வேறு வார்த்தை எழவில்லை. ஆயினும், அங்கே வந்து எத்தனை வருஷமாயிற்று என்று வினவியபோது, வலக்கை முடங்கிக் கிடந்தமையால் இடக்கை விரல்களை நான்கு முறை விரித்துக் காட்டி, பின்னும் ஒற்றை விரலை நீட்டி, 21 வருஷம் என்று பிசகின்றித் தெரிவித்தார். சில தினங்களில் அவர் மரித்ததும், மூளையின் இடப்புற முன்மடல் சிதைந்திருக்கக் கண்ட ப்ரோகாவின் கண்டுபிடிப்பைச் சாஸ்திர உலகம் கொண்டாடியது; அந்த விரல்களை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

பக்கவாதத்தாலோ தலையில் பட்ட அடியாலோ வாக்கை இழந்தவர்களுக்குப் புத்தியும் போய்விட்டதாகப் பாவித்து, அவர்களை அருகில் வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றி வீட்டார் பேசும் வழக்கம் இன்றும் உண்டு. கனடா தேசத்து டொரான்டோ நகரில் ஆரா ககனும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பேச்சிழந்தவர்களுக்கு யாதொரு பயிற்சியும் அளிக்காமல், அவர்களோடு சம்பாஷிக்கும் தொண்டர்களுக்கு மட்டும், பெரிய எழுத்து, கோட்டுச் சித்திரம் முதலியவற்றைக் கையாளக் கற்பித்தபோது, பேச்சிழந்தவர்களின் உரையாடலே செம்மையுற்றது. குறை யாரிடத்தில் என்று யோசிக்கத் தோன்றுகிறதல்லவா?

படம் என்றவுடன், பாலர் புத்தகத்து ஆப்பிளையும் ஆட்டுக்குட்டியையும் ஐம்பது வயதுக் குடும்பஸ்தர் முன் பரப்புவது அவரை அவமதிப்பதேயாகும். தவிரவும், பின்னணி ஏதுமின்றித் தனித்து நிற்கும் சின்னத்திற்குப் பொருள் காண்பது பழுதுற்ற மூளைக்குப் பெரும் பாரம். இக்காரணம் பற்றியே அமெரிக்காவில் நெப்ராஸ்கா சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ப்யூகெல்மன் முதலியோர், நோயாளியின் சொந்த வாழ்விலிருந்து எடுத்த, மனிதரும் இடமும் செயலும் ஒருங்கே தெரியும் புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டனர்: மகளின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவர்மீது விரல் வைத்தால், யாரைப் பற்றிய பேச்சு, எந்தச் சந்தர்ப்பம் என்பதெல்லாம் எதிரிலிருப்பவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். இடப்பக்க மூளை பழுதுற்ற சிலருக்கு வலப்பக்கக் காட்சி மறைந்துபோவதால், படங்களைப் பக்கவாட்டில் பரப்பாமல் மேலும் கீழுமாக அடுக்குவது உத்தமம். விபத்தில் அடிபட்டுக் கவனம் சிதறுவோர்க்கு ஒரு தாளில் ஒரு விஷயமே போதும்.

உங்கள் இல்லத்தில் இத்தகையவர் இருப்பாராயின், பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனையைப் பெறுங்கள்; அதுவரையில் வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் கைவசம் இருக்கட்டும். 'காப்பி', 'மோர்', 'வேறு' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து காட்டி, அவசரப்படாமல் காத்திருங்கள். அவர் சுட்டியதைத் திரும்பச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.