மாமியாரின் மஞ்சள் துணி மூட்டை

நம் பெரியவர்கள் மும்பைக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டிதான் இருந்தது. இன்று அவர்கள் வீட்டைக் காலி செய்ய ஒரு லாரி போதவில்லை. இந்த அனுபவம் நம்மில் பலருக்கு வந்திருக்கும். வராதவர்களுக்கு இனி வரும். நான் செய்த தவறை மற்றவர்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மாமனாருக்கு வயது 88, மாமியாருக்கு 82. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். செம்பூரில் லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். 2024 மழைக்காலத்தில் மாமியார் படியில் சறுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, கடவுள் புண்ணியம். இனி அங்கே இருப்பது சரியில்லை என்று, டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஒரு சிறிய வீடு பார்த்தோம். ஒரு ஹால், ஓர் அறை, சமையற்கட்டு. அவ்வளவுதான். மூன்று அறைச் சாமான்கள் அதற்குள் அடங்க வேண்டும். மைத்துனர் வெளிநாட்டில் இருப்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் ரயில்வேயில் 38 ஆண்டுகள் பெட்டிகள் பராமரிப்பில் இருந்தவன். ஓடத் தகுதியிழந்த பெட்டியைக் 'கண்டம்' செய்து ஸ்கிராப்புக்கு அனுப்புவோம். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. அதே பழக்கத்தில் மாமனார் வீட்டுக்கும் மூன்று வர்ணச் சாக்பீஸுடன் போனேன். வெள்ளை என்றால் கூட வருவது, மஞ்சள் என்றால் பிறருக்குக் கொடுப்பது, சிவப்பு என்றால் கழிப்பது. "இரண்டே ஞாயிற்றுக்கிழமை, வீடு காலி!" என்று மனைவியிடம் சவடால் வேறு.

முதல் ஞாயிறு நன்றாகத்தான் போயிற்று. புது வீட்டை டேப் வைத்து அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து கொண்டு போயிருந்தேன். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி மாமனாரிடம் கொடுத்தேன். அவரே நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது பீரோவுக்கு இடமில்லை மாப்பிள்ளை, கொடுத்திருவோம்" என்றார். வாக்குவாதமே வரவில்லை.

தவறு இரண்டாவது ஞாயிறன்று நடந்தது. மாமியாரை என் மனைவி டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். மாமனார் தூங்கிக் கொண்டிருந்தார். பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டை. உள்ளே ஓரம் செல்லரித்த நோட்டுப் புத்தகங்கள். எல்லாவற்றையும் ரத்திக்காரரிடம் போட்டேன். 31 கிலோ. 434 ரூபாய் கொடுத்தார்.

மாலையில் மாமியார் கேட்டார்: "மாப்பிள்ளை, பரண்மேல மஞ்சத் துணியில கட்டி வச்சிருந்தேனே, அதைப் பத்திரமா எடுத்து வச்சாச்சா?"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவை 1963-இல் மும்பைக்கு வந்த நாள் முதல் அவர் எழுதி வந்த வீட்டுக் கணக்குகள். கடைக்கு ஓடினேன். பாதிக்கு மேல் மத்தியானமே டெம்போவில் போய்விட்டதாம். கிடைத்தவை 11 நோட்டுகள். அவற்றில் பழையது 1971. பால், மண்ணெண்ணெய், வாடகை, ஊருக்கு மணியார்டர், என் மனைவியின் பள்ளிக்கூடக் கட்டணம் என்று வரிசையாக எழுதியிருந்தார். அதற்கு முந்தைய எட்டு வருஷமும் போயே போயிற்று.

மாமியார் கோபிக்கவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எழுதினது அது ஒண்ணுதான்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் சாக்பீஸை மூட்டை கட்டி வைத்தேன். இரண்டு ஞாயிறு என்றது ஆறு வாரமாயிற்று. தினம் காலையில் ஒரு மணி நேரம், ஒரு பெட்டி மட்டும். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். முடிவு அவருடையது. எதையும் விடமாட்டார் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக நடந்தது. பித்தளை அண்டாக்களைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தார். பட்டுப்புடவைகளைப் பேத்திகளுக்குப் பிரித்தார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பாண்டிவாலியிடம் முக்கால் மணி நேரம் பேரம் பேசி ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கினார். விழுந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தோம்.

காகிதங்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள். மாமனாரின் பெட்டியில் பழைய பங்குப் பத்திரங்கள் இருந்தன. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காகிதப் பங்குகளை அப்படியே விற்க முடியாது. முதலில் டீமேட் கணக்குக்கு மாற்ற வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காவிட்டால் அந்தப் பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்ற வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். இரண்டையும் உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். டெபாசிட்டைத் தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தையே தொடங்கியிருக்கிறது. இருக்கிற கணக்குகளில் நாமினி பெயர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவும் தெம்பும் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள். அவசரப்படாதீர்கள். அவர்கள் கையால் கொடுத்தால் கொடுத்த திருப்தி அவர்களுக்கு இருக்கும். நாம் எடுத்து எறிந்தால் இழந்த வருத்தம்தான் மிஞ்சும்.

புது வீட்டுக்கு வந்த மறுவாரம் மாமியார் கடையிலிருந்து ஒரு நீளநோட்டு வாங்கி வரச் சொன்னார். "அன்னைக்கு ரத்திக்காரன் எவ்வளவு கொடுத்தான் மாப்பிள்ளை?" என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். முதல் வரியில் 'வரவு ரூ. 434' என்று எழுதிக்கொண்டு, பணத்துக்காகக் கையை நீட்டினார்.