படிவம் ஒன்றுக்குப் போன தம்பி, தங்கைக்கு நீங்க எப்படித் துணையாக இருக்கலாம்?

உங்க வீட்டில் யாராவது தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இந்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போயிருக்காங்களா? "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஓகே" என்ற ஒரே பதில்தான் வருதா? ஞாயிற்றுக்கிழமை இரவு ஆனாலே வயிறு வலிக்குதுன்னு படுத்துக்கிறாங்களா?

அப்படியென்றால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான். அண்ணனோ அக்காவோ, நீங்களும் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பாதையில் நடந்தவங்கதான்.

தேர்வே இல்லையே, அப்புறம் என்ன டென்ஷன்?

பெரியவங்க அடிக்கடி கேட்கும் கேள்வி இது. யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-இல் ரத்தானது. இப்போது ஆசிரியர்கள் ஆண்டு முழுக்க வகுப்பறையிலேயே மதிப்பீடு செய்து, 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்கள். கல்வியாண்டின் முடிவில் 'உவாசா' எனும் இறுதித் தேர்வும் உண்டு.

ஆனால், தேர்வு போனதால் பாரமும் போய்விடவில்லை. சுகாதார அமைச்சு 2022-இல் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. பாரம் வேறு இடத்திலிருந்தும் வருகிறது.

உண்மையில் என்ன மாறுது?

முதலாவது, மொழி. மலேசியாவில் அரசாங்கத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தமிழை முதன்மை மொழியாகக் கொண்ட அரசாங்க இடைநிலைப்பள்ளி கிடையாது. 'பின்னம்' என்று படித்த பிள்ளை, அடுத்த ஆண்டு அதையே 'பெச்சாஹான்' என்று கேட்கிறது. கணக்கு தெரியும், ஆனா கேள்வி புரியலை. வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்கவும் கூச்சம். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை, 'நான் மக்கு' என்று தானே முடிவு செய்துவிடும். உண்மையில் அங்கே குறைவது அறிவு இல்லை, சொல்.

இரண்டாவது, நாள். இடப்பற்றாக்குறையால் பல இடைநிலைப்பள்ளிகள் இரண்டு வேளையாக நடக்கின்றன. அங்கே படிவம் ஒன்று பெரும்பாலும் மதிய வேளைதான். ஜொகூர் பாருவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் பலர், பாலத்து நெரிசலுக்குப் பயந்து விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பிள்ளை தனியாக எழுந்து, தனியாகச் சாப்பிட்டு, மதியம் பள்ளிக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும். அப்பா அம்மா வந்து சேரும்போது எல்லாருக்கும் களைப்பு. பேச யாருக்கும் தெம்பு இருக்காது.

மூன்றாவது, காலண்டர். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. 2025 ஜனவரியில்தான் அது சனி, ஞாயிறாக மாறியது. கோவிட்டுக்குப் பிறகு மார்ச்சுக்குத் தள்ளிப்போன கல்வியாண்டு 2025-இல் பிப்ரவரிக்கு வந்து, 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. பழக்கப்பட்ட ஒழுங்கு சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம். அது அடிக்கடி அசைந்தால் அவங்களுக்கும் தடுமாற்றம்தான்.

புகுமுக வகுப்பு என்றால் தோல்வியா?

இல்லை. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களில் மலாய்மொழியில் குறிப்பிட்ட நிலையை எட்டாதவர்கள், படிவம் ஒன்றுக்கு முன்பு ஓராண்டு படிக்கும் வகுப்பு அது. 'ரிமூவ் கிளாஸ்' என்றால் பலருக்கும் தெரியும். ஆனா கூடப் படித்த நண்பன் படிவம் ஒன்றில் இருக்க, தான் மட்டும் ஓராண்டு பின்னால் நிற்பது வலிக்கும். "ஒரு வருஷம்தானே" என்று தட்டிவிடாதீங்க. முதலில் வலிக்கும் என்பதை ஒத்துக்கோங்க. அது அறிவை அளக்கும் வகுப்பு இல்லை, மொழிக்காகக் கொடுக்கப்படும் நேரம் என்பதை அப்புறம் சொல்லுங்க.

நீங்க என்ன செய்யலாம்?

சொல் நோட்டு போடுங்க. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். பரப்பளவு என்றால் லுவாஸ். ஆற்றல் என்றால் தெனாகா. மின்சார பில்லில் மாதாமாதம் பார்க்கிற அதே தெனாகாதான். 'எனக்கு இது ஏற்கெனவே தெரியும்' என்ற எண்ணம் வந்தாலே பாதிப் பயம் போயிடும். இதை டியூசன் ஆசிரியரைவிட நீங்க நல்லா செய்யலாம். இரண்டு மொழியிலும் படித்தவர் நீங்கதானே.

கேள்வியை மாற்றுங்க. "எப்படி இருந்துச்சு?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு ரெஸ்ட்ல யார்கூட உட்கார்ந்த?" என்று கேளுங்க. தனியாகச் சாப்பிடுகிற பிள்ளையை இந்தக் கேள்வி காட்டிக்கொடுக்கும். கூட உட்கார்ந்து மைலோ குடிச்சிக்கிட்டே கேட்டால் இன்னும் நல்லது.

தூக்கத்தைக் காப்பாற்றுங்க. 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியப் பள்ளிதானே என்று இரவு 2 மணிவரை கேம் ஆடினால், மறுநாள் பாடம் ஏறாது. கைப்பேசியைப் பிடுங்காதீங்க. உங்க கைப்பேசியையும் சேர்த்து ஹாலில் சார்ஜில் போடுங்க.

தமிழை விட்டுவிடச் சொல்லாதீங்க. ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. புதுப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒரு பாடம் மட்டுமில்லை. பழகிய மொழியில் பேச ஒரு கூட்டம் கிடைக்கிற இடமும்கூட.

எப்போது மற்றவர்களின் உதவி வேண்டும்?

முதல் சில வாரங்களில் கோபம், அழுகை, சோம்பல் எல்லாம் இயல்புதான். ஆனா இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமோ சாப்பாடோ கெட்டால், பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், பெற்றோரிடம் சொல்லிப் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்க. அவர் தண்டனை கொடுப்பவர் இல்லை. பகடிவதை நடக்குதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

"நான் இல்லாமலே போயிருக்கலாம்" போன்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீங்க. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொல்ல ஒரு வழிதான் திறக்கும். ரகசியமாக வைத்திருக்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீங்க. பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆகணும். போலீஸ் வழக்காகுமோ என்ற பயமும் வேண்டாம்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.

சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555. 24 மணி நேரமும் இயங்கும் 'தாலியான் காசே' எண் 15999. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. இதுவும் 24 மணி நேரம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்க. தம்பி, தங்கை வீடு திரும்பும் நேரத்தில் வாசலில் இருங்க. படிவம் ஒன்றில் நீங்க எந்தப் பாடத்தில் திணறினீங்க என்பதை முதலில் நீங்க சொல்லுங்க. அவங்க கதை அப்புறம் தானாக வரும்.