உருக்குக்கு ஒரு குடை: சித்தூர்ப் பீப்பாயும் காளஹஸ்திக் குழாயும்

தோத்தாபுரி மாம்பழப் பருவம் வந்துவிட்டால் சித்தூர் வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஓய்வில்லை. நாம் கிளிமூக்கு என்றழைக்கும் அப்பழத்தின் கூழ், கிருமி நீக்கிய பைகளில் நிரப்பப்பட்டு, இரும்புப் பீப்பாய்களில் கடல் கடக்கிறது. கூழின் விலையைக் கணக்கிடும் நாம், பீப்பாய்த் தகட்டின் விலையை எது தீர்மானிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

2023-24, 2024-25 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் இந்தியா ஏற்றுமதி செய்ததைவிட அதிகமான உருக்கை இறக்குமதி செய்தது. 2024-25இல் மட்டும் சுமார் 95 லட்சம் டன் வந்திறங்கியது. இந்தத் திடீர்ப் பெருக்கைத் தடுக்க, 2025 ஏப்ரல் 21 அன்று மத்திய அரசு 200 நாள்களுக்கு 12 விழுக்காடு தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்தது. விசாரணை முடிந்தபின் அவ்வரி, அதே நாளிலிருந்து கணக்கிட்டு மூன்று ஆண்டுகளுக்கு உறுதியாயிற்று: முதலாண்டு 12, அடுத்த ஆண்டு 11.5, மூன்றாமாண்டு 11 விழுக்காடு.

இவ்வரி எல்லா உருக்குக்கும் உரியதன்று. சுருள், தகடு போன்ற தட்டை வகைகளுக்கே பொருந்தும். வீடு கட்டும் முறுக்குக் கம்பி இதில் சேராது. துருப்பிடிக்காத எஃகும், டப்பா செய்யும் வெள்ளீயத் தகடும் விலக்குப் பெற்றவை. ஆகவே ஒரே ஆலையில், டப்பாவில் அடைக்கும் கூழை இவ்வரி தொடுவதில்லை. பீப்பாயில் அடைக்கும் கூழைத் தொடக்கூடும். இறக்குமதித் தகடு விலையேறினால் உள்நாட்டுத் தகட்டின் விலையும் உயர இடமுண்டு.

உருக்காலைக்கு நிழல் தரும் குடை, உருக்கை வாங்குவோருக்குச் சுமையாகலாம். திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் வாகனங்களும் மண் அள்ளும் இயந்திரங்களும் உருவாகின்றன. அவற்றுக்கும் தகடே மூலப்பொருள். அதற்காகக் குடையே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. மலிவு இறக்குமதியால் உள்நாட்டு ஆலைகள் நலிந்தால், பின்னர் அயல்நாட்டார் சொல்லும் விலைக்கே நாம் வாங்க நேரிடும்.

அண்டை அயலாரும் குடை பிடிப்பர் என்பதைக் காளஹஸ்தி உணர்த்துகிறது. அதனருகே உள்ள ஆலையில் குடிநீருக்கான டக்டைல் இரும்புக் குழாய்கள் தயாராகின்றன. சீனத்திலிருந்து மலிவாக வந்த இவ்வகைக் குழாய்கள்மீது இந்தியா குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியமோ இந்தியக் குழாய்கள்மீதே அத்தகைய வரியை விதித்தது. நியாயமற்ற விலையை நிரூபித்தால்தான் குவிப்புத் தடுப்பு வரி. பாதுகாப்பு வரிக்கு அது தேவையில்லை. இறக்குமதி பெருகியதும், அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு நேர்ந்ததும் மெய்ப்பிக்கப்பட்டால் போதும். அதனாலேயே அது காலவரம்புடன், படிப்படியாகக் குறைந்துவர வேண்டும் என்பது உலக வணிக அமைப்பின் விதி.

தகடு வாங்கித் தொழில் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் இந்த நாள்காட்டியை மனத்தில் கொள்வது நல்லது. நீண்டகால ஒப்பந்தத்தில் விலையை ஒரேயடியாக உறுதி செய்யாமல், மூலப்பொருள் விலை மாற்றத்துக்கு ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம். நடைமுறை மூலதனக் கடன் கோருமுன் தகட்டு விலை உயர்வையும் கணக்கில் எடுக்கலாம். உற்பத்தியாளர்களோ, 2028 ஏப்ரலில் குடை மடக்கப்படுமுன் இயந்திரங்களைப் புதுப்பித்துச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மழை விடும்வரை ஒதுங்கி நிற்கத்தான் குடை. அதன்கீழ் வீடு கட்ட இயலாது.